கறுப்புத் துவக்கா, சில்வர் துவக்கா

என் கண்ணைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த வயதிலும் கண்ணாடி போடாமல் பருப்பில் கல் பொறுக்குகிறவள் நான். கடையின் பின்பக்கத்தில் நின்றபடியே, முன்வாசலில் நிற்கிறவன் சட்டைப்பைக்குள் வைப்பது அவனுடைய போனா எங்களுடைய சொக்லேட்டா என்று சொல்லிவிடுவேன். ஆகவே அந்தத் தை மாத மாலையில் பொலிஸ்காரி ஒருத்தி என் முன்னால் குந்தியிருந்து, "துவக்கு என்ன நிறம்?" என்று கேட்டபோது நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"சில்வர்," என்றேன்.

அம்புலன்ஸ்காரர் வெளியே தூக்கிப்போக ஆயத்தமாக வைத்திருந்த படுக்கையிலிருந்து என் மனுஷன் முனகினார். "கறுப்பு."

"நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு படுங்கோ. ரத்தம் போகுது," என்று அதட்டினேன்.

இந்த வெள்ளைக்கார நாட்டில், கிங்ஸ்பரியில் எங்களுக்கு ஒரு கடை. அரிசி, மரக்கறி, உறைந்த மீன், பால், பாண், லொத்தர் சீட்டு என்று எல்லாம் இருக்கும். காசு போடுகிற டில் மட்டும் பழையது. அதன் லாச்சி இறுகிப்போகும். இடது பக்கத்தில் முஷ்டியால் ஓங்கி ஒரு குத்து விட்டால்தான் திறக்கும். புதிது ஒன்று வாங்குங்கோ என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன். "இது என்னைப் போலத்தான், குத்து வாங்கிப் பழகிட்டுது, விடும்," என்று அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். அப்படியே காலம் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஆறு மணி இருக்கும். வெளியே எப்போதோ இருட்டிவிட்டது. நான் ஃப்ரீசருக்குப் பக்கத்தில் தேங்காய்ப்பால் டின் பெட்டிகளை உடைத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவு திறந்து குளிர்காற்று வந்தது. திரும்பிப் பார்த்தேன். கறுத்த தடித்த ஜக்கெற், தலைமூடி, கண்ணுக்குக் கீழே துணி, கைகளில் கையுறை. டில்லுக்கு முன்னால் நின்று அவருடைய நெஞ்சுக்கு நேரே துவக்கை நீட்டிக்கொண்டிருந்தான்.

"திற," என்று ஆங்கிலத்தில் கத்தினான்.

என் மனுஷனுக்குப் பயம் வந்தால் ஆங்கிலம் போய்விடும். "பொறும் தம்பி, இது இறுகும்," என்று தமிழில் சொன்னார். சொல்லிக்கொண்டே பழக்கதோஷத்தில் வலக்கையை முஷ்டியாக்கி, டில்லைக் குத்துவதற்காக ஓங்கினார். தன்னை அடிக்க ஓங்குகிறார் என்று அந்த நாய் நினைத்திருக்க வேண்டும். சுட்டுவிட்டான்.

இவ்வளவு சின்னக் கடைக்குள் வெடி கேட்டால் அது காதில் கேட்காது, பல்லில் கேட்கும். அவருடைய மேல்கையில் சட்டை வெடித்துத் திறந்தது. குண்டு கையைத் துளைத்துக்கொண்டு போய் ஃப்ரீசரின் மோட்டாரில் அடித்தது. அவர் லொத்தர் சீட்டுகளையும் இழுத்துக்கொண்டு கீழே விழுந்தார். சிவப்பரிசி மூட்டைகளில் இரத்தம் ஒரு கோடாகத் தெறித்திருந்தது. வெடிமருந்து மணத்தது. அந்த மணம் எனக்குத் தெரியும். அது மூக்கில் ஏறியதும் என் தலைக்குள் ஏதோ கழன்றது.

நான் எறியத் தொடங்கினேன். கையிலிருந்த டின், தட்டிலிருந்த டின், பெட்டிக்குள் இருந்த டின். முதலாவது அவனுடைய தோளில் பட்டது. இரண்டாவது கழுத்தில் பட்டுச் சத்தம் போட்டான். "எளிய நாயே, கட்டையிலை போவானே, என்ரை மனுஷனையோ சுட்டனி!" அவன் துவக்கை என் பக்கம் திருப்பினான். அந்த ஓட்டை என்னைப் பார்த்தது. அப்போதும் நான் எறிந்தேன். சுட்டால் சுடட்டும், அவனுடைய மண்டையைப் பிளந்துவிட்டுத்தான் சாவேன் என்றிருந்தது. ஏனோ அவன் சுடவில்லை. திரும்பி ஓடினான். நான் நடைபாதை வரைக்கும் துரத்திப்போய்க் கடைசி டின்னையும் எறிந்தேன். பஸ் தரிப்பிடத்தில் நின்றவர்கள் போனைத் தூக்கி என்னைப் படம் பிடித்தார்கள். ஒரு சனியனாவது அவனைப் பிடிக்கவில்லை.

அவருடைய மேல்கை எலும்பு நொறுங்கியிருந்தது. உள்ளே தகடு வைத்து ஆணி அடித்தார்கள். கண் திறந்ததும், குடிக்கத் தண்ணீர் கேட்கும் முன்பே, அவர் கேட்டது இதைத்தான்: "பொலிசுக்கு என்னெண்டு சொன்னனீர்?"

"சில்வர் எண்டு சொன்னன். வேறை என்னெண்டு சொல்லுறது?"

"கறுப்பப்பா. எனக்குக் கிட்டவெல்லே நிண்டது. ஓட்டைக்குள்ளாலை பாத்தனான்."

"உலகத்திலை எந்தத் துவக்கின்ரை ஓட்டையும் கறுப்புத்தான்! உங்களுக்கு உப்புப் போத்தலுக்கும் சீனிப் போத்தலுக்கும் வித்தியாசம் தெரியாது, துவக்குப் பாக்க வெளிக்கிட்டிட்டியள்."

"வெடி வாங்கினது நான்."

"வெடி வாங்கினா பெரிய சாட்சியே? நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு விழுந்தனீங்கள். நான் முழிச்சுக்கொண்டு நிண்டனான்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் தன் திரையை இழுத்து மூடினார். நான் விடவில்லை. சில்வர், முழுச் சில்வர், எங்கள் சாமிப் படத்துக்கு முன்னால் வைக்கிற வெள்ளிச் செம்பு மாதிரி என்று அடித்துச் சொன்னேன். கடைக் கமராவும் உதவவில்லை. ஃப்ரீசருக்கு மேலே இருக்கும் லைற் பட்டு, ஒரு படத்தில் துவக்கு வெள்ளையாகத் தெரிந்தது, அடுத்த படத்தில் கறுப்பாகத் தெரிந்தது. குண்டோ மோட்டாரில் நசுங்கி ஒன்றுக்கும் உதவாமல் போய்விட்டது. முகம் இல்லை, கைரேகை இல்லை. மிஞ்சியது என் கண் மட்டும்.

அதை நம்பித்தான் ஒருவனைப் பிடித்தார்கள்.

பிடிபட்டவன் எங்கள் ஆட்களின் பொடியன். இங்கேயே பிறந்தவன், இருபத்திரண்டு இருபத்திமூன்று வயது. பின்னேரங்களில் கடைக்கு வந்து குடிக்க டின் ஒன்று வாங்கிக்கொண்டு "ஹாய் அன்ரி" என்று சொல்லிப் போகிறவன். கூட்டாளிகளோடு சேர்ந்து பாட்டுப் பாடி வீடியோப் படம் எடுத்துப் போட்டிருக்கிறான். அந்தப் படத்தில் அவன் கையில் ஒரு சில்வர் கைத்துவக்கு. ஜக்கெற்றும் அதே மாதிரி. கிங்ஸ்பரியில் பாதிப் பொடியன்கள் அந்த ஜக்கெற்றைத்தான் போடுகிறார்கள், அது வேறு விஷயம். துவக்கு எங்கே என்று பொலிஸ் கேட்டதற்கு, அது விளையாட்டுத் துவக்கு, எறிந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறான். அவர்கள் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதி முடியாது. அன்ரி, அன்ரி என்று கூப்பிட்ட அதே வாய். அந்த டில் இறுகும் என்று அவனுக்குத் தெரியும், எத்தனை தரம் அவனுக்கு முன்னால் குத்தித் திறந்திருப்பார்! மீன் வெட்டும்போதெல்லாம் அவனைத்தான் வெட்டினேன். அறக்குளா மீனின் தலையைக் கத்தி வைத்து, கத்தியின் முதுகில் கட்டையால் அடித்துப் பிளப்பேன். அந்த அடிகளில் பலகை வெடித்துவிட்டது. மனுஷன் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்து பார்ப்பார். "அது செத்த மீனப்பா," என்பார்.

ஒரு நாள் மத்தியானம் அவனுடைய தாய் கடைக்கு வந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். ஷிப்ட் முடிந்து அந்த நீல உடுப்போடேயே வந்திருந்தாள். அழுவாள், காலில் விழுவாள் என்று நினைத்து, அதற்குப் பேசவேண்டியதையெல்லாம் நான் வாய்க்குள் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

"அக்கா, அவன் அண்டைக்கு வீட்டிலை படுத்திருந்தவன். நான் ஷிப்டிலை. கண்டதுக்கு ஆள் இல்லை," என்றாள்.

"எல்லாத் தாய்மாரும் உதைத்தான் சொல்லுவினம்."

"ஓம் அக்கா. அதாலை அதை விடுங்கோ." அவள் டில்லுக்குப் பின்னால் கதிரையில் இருந்த என் மனுஷனின் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோ. கண்டதை மட்டும் சொல்லுங்கோ. அவ்வளவுதான் கேக்க வந்தனான்."

"என்னைப் பொய்க்காரி எண்டு சொல்லுறியோ? வெளியிலை போ! போடி வெளியிலை!"

போய்விட்டாள். நான் கதவை அடித்துச் சாத்தினதில் கண்ணாடியில் ஒட்டியிருந்த நோட்டீஸ்கள் விழுந்தன. என் மனுஷன் குனிந்து ஒற்றைக் கையால் அவற்றைப் பொறுக்கினார். "பதினைஞ்சு வருஷம் எண்டாலும் போடுவாங்கள் அந்தப் பொடியனுக்கு," என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னார். "போடட்டும்," என்றேன்.

அதற்குப் பிறகுதான் பொலிஸ் நிலையத்துக்கு வரச்சொன்னார்கள். அதே பொலிஸ்காரிதான். நகங்களைக் கடித்துக் கடித்துத் தின்று வைத்திருக்கிற, களைத்துப்போன மனுஷி. ஜன்னல் இல்லாத சின்ன அறை. என் மனுஷனை வெளியே இருக்கச் சொன்னார்கள். இரண்டு சாட்சிகளை ஒன்றாக வைத்து விசாரிக்கக் கூடாதாம். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன்.

அவள் மேசையில் இரண்டு பெரிய படங்களை வைத்தாள். இரண்டும் ஒரே கைத்துவக்கு, ஒரே அளவு. ஒன்று சில்வர். மற்றது கறுப்பு.

"அவசரப்படாதீர்கள். முதலில் இதைக் கேளுங்கள்," என்றாள். தங்களுடைய ஆயுத நிபுணரிடம் கேட்டு வந்ததாகச் சொல்லி எனக்கு விளங்கப்படுத்தினாள். சில்வர் என்று நான் சொல்வது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மேலே எதுவும் பூசியதில்லை, உள்ளும் புறமும் அதே உலோகம், லேசில் துருப்பிடிக்காது. மற்றது சாதாரண உருக்கு. அதைக் கொதிக்கிற உப்புக் கரைசலில் போட்டு எடுத்தால் மேலே ஒரு மெல்லிய தோல் படரும். அதை நீலம் ஏற்றுவது என்பார்கள், ஆனால் பார்வைக்குக் கறுப்புத்தான். கெட்ட துரு வராமல் இருக்க வேண்டுமென்றே வரவைக்கிற ஒரு துரு அது. எண்ணெய் பூசிப் பராமரிக்காவிட்டால் போய்விடும். வைத்து எடுத்துப் புழங்கப் புழங்க, வாய் ஓரத்திலும் விளிம்புகளிலும் தோல் தேய்ந்து கீழே இருக்கிற வெள்ளை தெரியும்.

"அதனால்தான் கேட்கிறேன். நீங்கள் கண்டது முழுக்க வெள்ளையா, அல்லது ஓரங்களில் மட்டும் வெள்ளையா? உங்கள் கணவர் கறுப்பு என்கிறார். இரண்டு பேரும் ஒரே துவக்கைப் பார்த்திருக்கலாம்."

"ரெண்டும் சுடும்தானே. பிறகு ஏன் ஒருத்தன் இதை வாங்குறான், மற்றவன் அதை வாங்குறான்?" என்று கேட்டேன். எனக்கு உண்மையாகவே அறிய ஆசையாக இருந்தது.

"மறைத்து வைக்க விரும்புகிறவனுக்குக் கறுப்பு. வெளிச்சத்தைப் பிடிக்காது. சில்வர், உடம்போடு வைத்துத் திரிகிறவனுக்கு. வியர்வைக்கும் கடல்காற்றுக்கும் தாங்கும். பிறகு," அவள் கொஞ்சம் யோசித்தாள், "அதைக் காட்ட விரும்புகிறவனுக்கு. தூரத்திலேயே கண்டு பயப்பட வேண்டும் என்று நினைக்கிறவனுக்கு."

நான் சில்வர் படத்தில் விரலை வைத்தேன். "இதுதான். முழுக்க. ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை."

"நிச்சயமாக?"

"என்ரை பிள்ளையளிலை ஆணை," என்று தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் "யெஸ்" என்றேன்.

அவள் பேனாவை எடுத்தாள். அந்தப் பொடியனின் வழக்கு நிற்பதா விழுவதா என்பது இன்றைக்கு நான் சொல்வதில்தான் இருக்கிறது என்றாள். படங்களைக் கவிழ்த்து வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, துவக்கைப் பற்றி நினைவிருப்பதெல்லாம் சொல்லச் சொன்னாள். எவ்வளவு சின்ன விஷயமானாலும் பரவாயில்லையாம்.

நான் கண்ணை மூடினேன். துவக்கு அப்படியே தெளிவாக வந்தது, கையை நீட்டினால் தொடலாம்.

"சில்வர். குழாய் கட்டை. பிடியிலை றப்பர் சுத்தியிருந்தது. சைக்கிள் டியூப்பைக் கீலமாக வெட்டி வரிவரியாகச் சுத்தி, நுனியை உள்ளுக்குச் செருகியிருந்தது. அவன்ரை பெருவிரல் நகம் அடிபட்டுக் கறுத்துப்போய் இருந்தது. துவக்கைத் தூக்கினவுடனை வெயில் பட்டு என்ரை கண்ணிலை அடிச்சது. அதாலைதான் முகத்தைப் பாக்க ஏலாமல் போச்சுது."

இதையெல்லாம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விடாமல் சொன்னேன். பேனா கடதாசியில் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது.

"வெயிலா?" என்று கேட்டாள்.

"ஓம், வெயில். சரியான வெயில்."

நான் கண்ணைத் திறந்தேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. "ஜனவரி மாதம், மாலை ஆறு மணி," என்று மெதுவாகச் சொன்னாள். "அவன் கையுறை போட்டிருந்தான் என்று முதல் நாள் நீங்களே சொன்னீர்கள். நகத்தை எப்படிப் பார்த்தீர்கள்?"

நான் கண்ட வெயில் இந்த ஊர் வெயில் இல்லை.

என் அண்ணா கிணற்றடியில் நின்று முகம் வழித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில், எங்கள் வீட்டில், முற்பகல் வெயிலில். எனக்கு அப்போது பத்தொன்பது. நான் அவருக்குத் தேத்தண்ணி கொண்டு போனேன். இரண்டு பேர் ஒரு சைக்கிளில் வந்து படலையில் நின்று, அண்ணாவின் பெயரைச் சொல்லி, "ஒருக்கா வந்திட்டுப் போம்," என்று கூப்பிட்டார்கள். மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் ஆளுக்கொரு துவக்கு. யார் யாருடைய ஆட்கள் என்று கேட்டவனும் செத்தான், கேட்காதவனும் செத்தான். அண்ணா பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு, தோளில் துவாயோடு போனார். அவர்கள் எதையும் கேட்கவில்லை. சைக்கிளில் பின்னால் இருந்து வந்தவன் சாரத்து இடுப்பிலிருந்து அதை எடுத்தான். வெயில் பட்டு அது என் கண்ணில் அடித்தது.

முதல் வெடி கழுத்தில். அண்ணா முழங்காலில் இருந்தார். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இரண்டாவது வெடியை அந்த வாய்க்குள் வைத்தான். நுரை சிவப்பாகி வழிந்தது. தேத்தண்ணிக் கோப்பை என் கையில்தான் இருந்தது, நான் அதைக் கீழே போடவில்லை. சுட்டவன் துவக்கைத் திரும்ப இடுப்பில் செருகினான். சுட்ட குழாய் கொதித்துக்கொண்டிருந்திருக்கும். வெறும் வயிற்றில் பட்டதும் "ஸ்ஸ்" என்று துள்ளி, வெளியே இழுத்து எடுத்தான். சட்டையைக் கீழே விட்டு, அதற்கு மேலே செருகுவதற்காக அங்கேயே நின்று மெனக்கெட்டான். அண்ணாவின் கால் அப்போதும் மண்ணில் உதைத்துக்கொண்டிருந்தது. தன் வயிறு சுட்டதற்கு அவன் முகம் சுளித்தானே, அறுவான், அந்த நேரம் முழுக்க நான் துவக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். றப்பர், நகம், சில்வர் எல்லாம் அப்போது கண்டவை. ஒரு கோப்பை கொதிக்கிற தேத்தண்ணி என் கையில் இருந்தது. அதை அவன் மூஞ்சையில் நான் எறியவில்லை.

யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. பொழுது படும் முன்பே அண்ணாவை எரித்துவிட்டார்கள். "நீ ஒண்டும் காணேல்லை, விளங்குதோ?" என்று அம்மா என் கன்னத்தைப் பிடித்து உலுக்கிச் சொன்னார். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. பிறகு கலியாணம் பேசி என்னை இங்கே அனுப்பினார்கள். குரோய்டனில் குடிவரவுக் கந்தோர்க்காரர் என்னிடம் கேட்டதெல்லாம் கலியாணப் படத்தில் இருப்பது நான்தானா என்பதைத்தான். அண்ணாவைச் சுட்டுவிட்டார்கள் என்பது என் மனுஷனுக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் கேட்டதில்லை, நான் வேதனைப்படுவேன் என்று. துவக்கு என்ன நிறம் என்று இந்த உலகத்தில் என்னிடம் முதன்முதலாகக் கேட்டவள் நகம் கடிக்கிற இந்தப் பொலிஸ்காரிதான். கேட்டாள், சொன்னேன். எவ்வளவு காலமாக அந்தப் பதிலை ஆயத்தமாக வைத்திருந்தேன்!

இதை அவளிடம் சொன்னேன். முழுக்க அல்ல, தேத்தண்ணியைப் பற்றிச் சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு, "கடையில் கண்ட துவக்கு?" என்று கேட்டாள்.

மறுபடி கண்ணை மூடிப் பார்த்தேன். கையுறை வந்தது. அரிசி மூட்டையில் இரத்தக் கோடு வந்தது. அவர் "பொறும் தம்பி" என்றது கேட்டது. அந்த ஓட்டை என் பக்கம் திரும்பியது. அதைச் சுற்றி ஒன்றுமே இல்லை. எவ்வளவு முயன்று பார்த்தும் அங்கே மற்றது வந்து குந்திக்கொண்டது, வெயிலோடும் றப்பரோடும். கறுப்பு என்று சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. பொடியன் தப்பிவிடுவான், என் மனுஷன் சொன்னதும் சரியாகும். ஆனால் கறுப்பையும் நான் காணவில்லை. கண்டதை மட்டும் சொல்லுங்கோ என்று அந்த நீல உடுப்புக்காரி நின்ற நிலை ஞாபகம் வந்தது. அவளை நாயைப் போலத் துரத்தியிருந்தேன்.

"தெரியாது," என்றேன். என் வாயால் அந்தச் சொல்லைச் சொல்லி எவ்வளவு காலம் என்று எனக்கே நினைவில்லை. "நான் அந்தத் துவக்கைக் காணேல்லை."

அப்படியானால் அந்த இளைஞனை வைத்திருக்க முடியாது என்று அவள் சொன்னாள். தெரியும் என்றேன். அவன்தான் சுட்டவனாகவும் இருக்கலாம் என்றாள். அதுவும் தெரியும் என்றேன்.

எழுதியதை என் பக்கம் திருப்பினாள். சில்வர், கட்டைக் குழாய், சைக்கிள் டியூப் சுற்றிய பிடி, கறுத்த நகம், வெயில் எல்லாம் அவளுடைய சாய்ந்த எழுத்தில் இருந்தன. "இதைக் கோடு இழுத்து அடிக்க வேண்டும். அடித்த இடத்தில் நீங்கள் கையெழுத்து வைக்க வேண்டும்," என்றாள்.

"அதை விட்டிட்டு, வேறை தாளிலை எழுத ஏலாதோ? இது உண்மை. நான் கண்டது."

"எனக்குத் தெரியும். ஆனால் அது எங்கள் வழக்கு இல்லை," என்றாள். கண் கலங்கித்தான் சொன்னாள். அதற்காகவே அவளை அறைய வேண்டும் போல் இருந்தது எனக்கு. அண்ணாவைக் கொன்ற துவக்கைப் பற்றி எந்த ஊரிலும், எந்தக் கந்தோரிலும் ஒருத்தரும் எழுதியதில்லை. முதன்முதலாக எழுதியதற்கு மேலே அவள் அடிமட்டம் வைத்து ஒவ்வொரு வரியாகக் கோடு இழுத்தாள். நான் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

வெளியே என் மனுஷன் கையைத் தொட்டிலில் போட்டபடி எழும்பி நின்றார். நாங்கள் பஸ் தரிப்பிடம் வரைக்கும் நடந்தோம். அங்கே போய் இருந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"என்னப்பா, கறுப்போ வெள்ளையோ?"

"தெரியாதெண்டு சொல்லிப்போட்டன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் கேட்காத சொல். பகிடி ஏதும் விடவில்லை. "அப்ப அந்தப் பொடியன் வெளியிலை வந்திடுவான்."

"ஓம். வந்திடுவான்."

"சுட்டவன்?"

"உங்களைச் சுட்டவனும் வெளியிலைதான்," என்றேன். "என்ரை அண்ணாவைச் சுட்டவனும் வெளியிலைதான்."

அவர் சுகமான கையால் என் கையைப் பிடித்தார். பஸ் வந்து, கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது. நாங்கள் ஏறவில்லை. "அது என்ன நிறத் துவக்கு?" என்று என் மனுஷன் கேட்டார்.